மறுபடி வாசிப்பதா, மூடிவைத்து நினைவுகூர்வதா?

வகுப்பில் நடந்த பாடத்தை மனதில் நிறுத்த, பெரும்பாலான மாணவர்கள் நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். இன்னொரு வழி, ஒருமுறை வாசித்துவிட்டு நோட்டை மூடி, நினைவில் இருப்பதை எழுதிப் பார்ப்பது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, நினைவுகூர்ந்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் ஞாபகம் இருந்தது, மற்றவர்களுக்கு 42 சதவீதம்தான். மறுவாசிப்பு ஏமாற்றுவது இங்கேதான்: கண்ணுக்குப் பழகிய வரி, மனதில் நின்றுவிட்டதாகத் தோன்றும்.

அறிவியல், வரலாறு இரண்டுக்கும் தயங்காமல் இரண்டாவது வழியையே சொல்வேன். இதயத்தின் படத்தை வெற்றுத் தாளில் வரைந்து பாகங்களைக் குறித்தால், எங்கே தடுமாறுகிறோம் என்பது உடனே தெரியும். கணிதத்தில் புதிய வகைக் கணக்கு வரும்போது, போட்டுவைத்த கணக்கை வாசிப்பது உதவும். அப்புறம் விடையை மறைத்துவிட்டுத் தானே போட வேண்டும். மொழிப்பாடம் கொஞ்சம் வேறு. செய்யுள் மனப்பாடத்துக்கு நினைவுகூர்தல் சரி, ஆனால் ஒரு கதையின் நயம் மறுவாசிப்பில்தான் பிடிபடும். அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

எழுதிப் பார்த்தபின் புத்தகத்தைத் திறந்து திருத்துவது கட்டாயம். இல்லாவிட்டால் பிழையே பதிந்துவிடும்.