தலைகுந்தா பக்கம் ஆர்.சி கார் மண் டிராக்: பராமரிப்புக்காகவே போகலாம்

ஆர்.சி கார், அதாவது ரிமோட்ல ஓட்டற சின்ன ரேஸ் கார், ஓடற மண் டிராக்க ஒரு தடவ போட்டுடலாம், அத வாரா வாரம் அதே மாதிரி வச்சிருக்கறதுதான் கஷ்டம். ஊட்டி தாண்டி தலைகுந்தா பக்கம் கேரட் தோட்டத்த ஒட்டி இருக்கற இந்த டிராக்ல அத ஒழுங்கா பண்றாங்க, அதுக்காகவே எழுதறேன்.

நம்ம மலை செம்மண்ணு காஞ்சா பவுடரா கெளம்பி கார் வழுக்கும், நனைஞ்சா களியாகி வீல்ல அப்பிக்கும், நடுவுல லேசா ஈரம் இருக்கறப்பதான் டயர் கவ்வும். இங்க பாத்துக்கற அண்ணன் ரேஸுக்கு மொத நாளே தண்ணி விட்டு ஊற வச்சு, காலைல ரோலர் உருட்டிட்டு, அப்புறம் தோட்டத்துக்கு மருந்தடிக்கற ஸ்ப்ரேயர முதுகுல மாட்டிட்டு பூவா தெளிக்கறதோட சரி. அவசரத்துக்கு ஹோஸ்ல ஊத்துனா மேல சகதி அடியில காஞ்ச மண்ணு, கொஞ்ச லேப்லயே பேந்துரும்.

டிசம்பர் ஜனவரி உறைபனில மட்டும் சாயங்காலம் தண்ணியே விடறதில்ல, ஏன்னா ராத்திரி ஈரம் ஐஸாகி மண்ண தூக்கிடும், வெயில் பட்டதும் பொலபொலன்னு உதுரும். அந்த மாசங்கள்ல பனி உருகுற வரைக்கும் யாரையும் ஓட்ட விடமாட்டாரு, சீக்கிரமே வந்தவங்க கோவப்படுறாங்க, ஆனா அவரு செய்யறதுதான் சரி.

ஜம்ப்ல குழி விழுந்தா சும்மா மண்ண கொட்டி மூடாம, பழச கொத்திவிட்டு நனைச்சு களிமண் சேத்து திம்சு கட்டையால இடிக்கறாரு, அதான் நிக்குது. தூசி அடங்கறதுக்கு கால்சியம் குளோரைடும் போடல. அது ஈரத்த புடிச்சு வைக்கும்தான், ஆனா பேரிங் ஸ்க்ரூ எல்லாம் துரு ஏறிடும்.

குறைன்னா வடிகால். மேல் தோட்டத்து தண்ணி கடைசி வளைவுல வந்து தேங்குது, ஜூலை மழைல தார்ப்பாய் போட்டும் அந்த மூலை காயல, மேல ஒரு வாய்க்கால் வெட்டி திருப்பி விட்டே ஆகணும். வாடகைக்கு தர்ற 1/10 பக்கில (நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு அளவுள்ள, மண்ணுல ஓடற கார்) டயர் மொட்டை, சொந்த கார் கொண்டு போங்க. நைட்ரோ எரிபொருள்ல ஓடற எஞ்சின் கார் வச்சிருக்கறவங்க, ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்து அடர்த்தி கம்மி, கோயம்புத்தூர்ல செட் பண்ண நீடில் (எரிபொருள் அளவ மாத்தற திருகு) இங்க ரிச்சா, அதாவது காத்துக்கு எரிபொருள் அதிகமா ஓடும், கொஞ்சம் லீன் பண்ணி எரிபொருள குறைச்சுக்கணும்.

மேகம் இறங்குற நாள்ல போன் பண்ணி கேட்டுட்டு போங்க, மண்ணு அருமையா இருக்கும் ஆனா ஓட்டறவங்க நிக்கற ஸ்டாண்ட்லருந்து எதிர் மூலைல கார் கண்ணுக்கே தெரியாது.