போர்டு இல்லாத வொர்க்‌ஷாப், எடை பாத்த கேம்பர்வேன்: சுங்கை சிப்புட் ரிவியூ

நேரா விசயத்துக்கு வந்துடுறேன். பேராக் சுங்கை சிப்புட்ல கேம்பர்வேன், அதான் உள்ளயே படுத்து சமைக்கிற மாதிரி மாத்துன வேன், பாக்கத் தெரிஞ்ச மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களான்னு மூணு பேரு கேட்டுட்டீங்க. இருக்காரு. டவுன தாண்டி லிந்தாங் போற ரோட்டுல, வீடுங்க முடிஞ்சி செம்பனை ஆரம்பிக்கிற எடத்துல ஒரு தகரக் கொட்டாய், போர்டு கெடையாது, வெளிய ரெண்டு பெரிய டிராக்டர் டயரு கெடக்கும், அதான் அடையாளம். அண்ணன் 20 வருசத்துக்கு மேல தோட்டத்துல டிராக்டரு, குலை ஏத்துற லோரின்னு பாத்தவரு, நம்ம வண்டிய கொண்டு போயி நிறுத்துனப்ப தான் கேம்பர்வேன் உள்ளயே மொத தடவ ஏறுறாராம். ஏறி, மெத்தை, கேபினெட்டு, சிங்க்கு, லைட்டு எல்லாத்தையும் சுத்தி ஒரு பார்வ பாத்துட்டு, "வீடு நல்லாருக்கு தம்பி, லோரி எங்க?"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சி, ஆனா அந்த ஒரு கேள்விக்கு தான் இந்த ரிவியூவே.

வண்டி பழைய ஹையேஸ், டீசல், செகண்ட் ஹேண்டுல வாங்குனது. கேம்பரா மாத்துனது பெரிய பட்டணத்துல ஒரு கடை, பேரு வேணாம். வாங்குறப்ப நான் உருப்படியா செஞ்ச ஒரே வேல கிராண்ட, அதான் வண்டி பதிவு பத்திரத்த, பாத்தது தான். மாத்துன வண்டி மாத்துனதா ஜேபிஜேல, அதான் ரோட்டு போக்குவரத்து இலாகாவுல, பதிவாயிருக்கணும் லா, இல்லன்னா ரோட்ல நிறுத்துனா ஒரு தலவலி, மோதிட்டா இன்சூரன்ஸ்காரன்கிட்ட இன்னொரு தலவலி. அது சரியா இருந்துச்சி. மத்தத எல்லாம் நான் கட்டிலு எவ்ளோ நீளம், அம்மா கால நீட்டிப் படுக்க முடியுமான்னு தான் பாத்தேன்.

அண்ணன் பானெட்ட தொறக்கவே இல்ல. வண்டிக்குப் பின்னாடி போயி பத்து அடி தள்ளி குந்திக்கிட்டாரு, ஒரு சிகரெட்டு முடியிற வரைக்கும் சும்மா பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் எந்திரிச்சி வந்து பின் டயருக்கும் மேல இருக்கிற வளைவுக்கும் நடுவுல கைய விட்டாரு, இடது பக்கம் நாலு வெரலு போச்சி, வலது பக்கம் ரெண்டு வெரலு தான் போச்சி. தண்ணி டாங்கி, பாட்ரி, பிரிட்ஜு மூணையும் ஒரே பக்கமா அடுக்கியிருக்கான் பாரு அந்த கடைக்காரன். ஆறு மாசம் ஓட்டியிருக்கேன், வண்டி ஒரு பக்கமா இழுக்குது இழுக்குதுன்னு ரெண்டு தடவ அலைன்மெண்ட் பண்ணி காச விட்டிருக்கேன்.

அடுத்து நேரா தராசுக்கு கூட்டிட்டுப் போனாரு. செம்பனை குலை வாங்குற சென்டருல லோரி நிறுக்குற தராசு இருக்குமே, அங்க அவருக்குப் பழக்கம். மொதல்ல முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு கணக்கு, அப்பறம் முழு வண்டிய ஏத்தி ஒரு கணக்கு, கழிச்சா பின் அச்சு எடை கெடைச்சிடும். தண்ணி, டீசல், சாமான், ஆளுங்க எல்லாம் வண்டில இருக்கிற மாதிரியே தான் நிறுக்கணும்னாரு, அதனால அம்மாவும் உள்ள உக்காந்துகிட்டாங்க, முன்ன குலை லோரிய ஏத்துன எடத்துல இப்ப என்னைய ஏத்துறியான்னு சிரிப்பு வேற. கணக்கு பாத்தா வண்டி தகட்டுல போட்டிருக்கிற எடைக்கு மேல 160 கிலோ, அதுல முக்காவாசி பின்னாடி. தண்ணி ஒரு லிட்டரு ஒரு கிலோ, என் டாங்கி 90 லிட்டரு, அப்ப தண்ணி மட்டுமே 90 கிலோ, ஒரு பெரிய ஆள சும்மா ஏத்திக்கிட்டு மலை ஏறி எறங்குற கணக்கு. இப்ப 25 லிட்டரு தான் ஊத்துறேன், போற எடத்துல எங்கயும் தண்ணி கெடைக்கும், நம்ம என்ன பாலைவனத்துலயா இருக்கோம். கட்டிலுக்கு அடியில என்னென்ன இருக்குன்னு வெளிய எடுத்து வெச்சோம், செத்துப்போன பழைய பாட்ரி ஒண்ணு, ரெண்டாவது கேஸ் தோங், மூணு மடக்கு நாக்காலி, அம்மாவோட இடிகல்லு. இடிகல்ல எடுத்தப்ப அம்மா மொகம் போன போக்கு. அண்ணன் "அக்கா, மொளகா பொடி பாக்கெட்லயே விக்குது"ன்னாரு, அம்மா பதிலே சொல்லல.

டயரு. எனக்கு பூ, அதான் ரோட்ல படுற பக்கத்து வரி, நல்லா இருந்தா டயரு நல்லாருக்குன்னு தான் நெனப்பு. அண்ணன் டயரோட பக்கச் செவுத்துல நாலு நம்பர தேய்ச்சிக் காட்டுனாரு, 3617. 2017ல 36வது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். கேம்பர் வண்டிங்க பாதி நாள் நின்னுகிட்டே இருக்கும், பூ தேயாது, ரப்பரு தான் வெயில்ல காஞ்சி வெடிக்கும். பால்மரம் வெட்டுன குடும்பத்துல பொறந்துட்டு ரப்பர் வயசு தெரியல பாருன்னு ஒரு குத்து வேற. அதுவும் நாலுல ரெண்டு சாதாரண காடி டயரு, எடை தாங்குற சி டயரு இல்ல. நாலையும் மாத்தியாச்சி. காத்து காலையில வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயரு சூடாகுறதுக்குள்ள பாக்கணும், அளவு கதவு ஓரத்து ஸ்டிக்கருல இருக்கும், காடிக்கு அடிக்கிற மாதிரி அடிச்சிட்டு வந்துடாதீங்க. பிரேக் எண்ணெய உறிஞ்சி போத்தல்ல காட்டுனாரு, கோப்பி ஓ கலரு. அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், எறக்கத்துல பிரேக் சூடானா அந்த ஈரம் ஆவியாயிடும், அப்பறம் மிதிச்சா பஞ்ச மிதிச்ச மாதிரி தான். ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ மாத்தச் சொன்னாரு.

ஒயரிங்குல தான் அவருக்கு கோவமே வந்துச்சி. பிரிட்ஜுக்கு போற ஒயரு ஸ்பீக்கரு ஒயரு தடிமன் தான் இருக்கு, பாட்ரி பக்கத்துல பியூஸ் ஒண்ணு கூட கெடையாது. பியூஸ் பாட்ரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கணுமாம், அப்ப தான் வழியில எங்க ஒயரு தேஞ்சி பாடில தொட்டாலும் நெருப்பு புடிக்காம பியூஸ் போகும். இன்னொண்ணு, கடைக்காரன் லித்தியம் பாட்ரிய நேரா ஆல்டர்நேட்டர்ல, அதான் எஞ்சின் ஓடுறப்ப கரண்டு எடுக்குற சாமான்ல, கட்டி விட்டிருக்கான். லித்தியம் பசி எடுத்த புள்ள மாதிரி, குடுக்க குடுக்க இழுக்கும், ஆல்டர்நேட்டரு சூடாகி செத்துடும், நடுவுல கரண்ட அளந்து விடுற ஒரு டிசி டு டிசி சார்ஜரு வேணும். இத அண்ணனுக்கு அவரு பொண்ணு தான் போன்ல தேடி சொல்லிக் குடுத்துச்சி, எனக்கு இது புதுசு தம்பி ரெண்டு நாள் குடு படிச்சிக்கிறேன்னு வாய விட்டு சொன்னாரு பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டாரு.

கரண்டு கணக்கு தெரியாதவங்களுக்கு சொல்றேன். 12 வோல்ட் 100 ஆம்ப் அவர் லித்தியம் ஒண்ணுல ஏறக்குறைய 1,280 வாட் அவர் இருக்கும் (ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு வாட் அவர்), பழைய ஆசிட் பாட்ரின்னா பாதிக்கு மேல எறக்கக் கூடாது, அதனால அதே 100 ஆம்ப் அவருக்கு 600 தான் கணக்கு. என் பிரிட்ஜு நம்ம ஊரு சூட்டுக்கு ஒரு நாளைக்கு 500 கிட்ட தின்னுடுது, ரைஸ் குக்கரு ஒரு தடவ 200. ஒரு ஹார்ஸ்பவர் எயர்கோன் போட்டீங்கன்னா ரெண்டு மணி நேரத்துல பாட்ரி படுத்துடும். அதனால எயர்கோன் வேணும்ங்கிற ராத்திரி பிளக் பாயிண்ட் இருக்கிற கேம்ப்சைட்டா பாத்து போங்க, மத்த ராத்திரிக்கு கூரை பேன காத்து வெளிய தள்ளுற மாதிரி போட்டுட்டு தலமாட்டு ஜன்னல மட்டும் கொஞ்சம் தொறந்து வைங்க, எல்லா ஜன்னலையும் தொறந்தா காத்து மேல வராது, கொசு தான் வரும்.

கூரைக்கு பாத்ரூம் சிலிக்கோன் அடிச்சி வெச்சிருந்தாங்க, வெயில்ல தோலு உரியிற மாதிரி உரிஞ்சி வந்துச்சி. எங்க ஒழுகுதுன்னு கண்டுபுடிக்க அண்ணன் உள்ள மூலைக்கு மூலை வெள்ளை டிஸ்யூ ஒட்டிட்டு வெளிய சாதா ரப்பரு குழாயில அரை மணி நேரம் தண்ணி விட்டாரு, மழை மாதிரி மேலேருந்து, ஜெட் அடிக்கக் கூடாதாம், அது இல்லாத ஓட்டையிலயும் தண்ணிய ஏத்திடும். பேனுக்கு பக்கத்துல இருந்த டிஸ்யூ தே ஓ கலருக்கு மாறிடுச்சி, பலகை சாயம். ஒழுகுறது பேன்ல இல்ல, அதுக்கு ஒரு முழம் முன்னாடி சோலார் பேனல் கால் ஸ்குருவுல, தண்ணி உள்ளுக்குள்ளயே நடந்து வந்து இங்க சொட்டுது. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டு பியூட்டல் டேப்பும் பாலியூரத்தேன் சீலண்டும் போட்டாரு. அதுக்கப்பறம் மூணு மாசம் சாயங்கால மழைல நனைஞ்சிருக்கு, ஒரு சொட்டு இல்ல.

கேஸ் தோங்க பூட்டுன கேபினெட்டுல வெச்சிருந்தோம். சமையல் கேஸு காத்த விட கனம், ஒழுகுனா தரையில தேங்கும், அதனால தரையிலயே வெளிய போற ஓட்ட வேணும், அலாரமும் கீழ தான் வெக்கணும். நாங்க தோங்கையே எடுத்துட்டோம், வெளிய வெச்சி சமைக்கிற சின்ன கலன் அடுப்பு போதும், கலன வெயில்ல காடிக்குள்ள விட்டுட்டு மட்டும் போவாதீங்க.

எலி. இது தோட்டத்துப் பக்கம் வண்டி நிறுத்துறவங்களுக்கு மட்டும். செம்பனை இருக்கிற எடத்துல எலி இருக்கும், அதுக்கு தானே தோட்டத்துல ஆந்தைக்கு பொட்டி கட்டி வெக்கிறாங்க. ரெண்டு வாரம் ஓட்டாம விட்டேன், தண்ணி பம்ப் ஒயர கடிச்சி வெச்சிடுச்சி. அண்ணன் தரை ஓட்டைங்கள்ல எல்லாம் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரத் திணிச்சி அடைச்சாரு, செலவு நாலு வெள்ளி.

வேலை சரியான்னு பாக்க ஒம்பது நாள் கெழக்கு கரைக்கு போனோம், செப்டம்பர்ல, நவம்பருக்கு மேல அந்தப் பக்கம் மழை வெள்ளம்னு போவ முடியாது. கோல கங்சார், லெங்கோங், கிரிக், அங்கேருந்து தீமோர் பாராட் ரோடு, அதான் கெழக்கு மேற்கு நெடுஞ்சாலை. கிரிக்லயே எண்ணெய் ரொப்பிடுங்க, ஜெலி வர்ற வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல காடு தான், போனு லைனும் பல எடத்துல இருக்காது. இருட்டுனதுக்கப்பறம் ஓட்டாதீங்க, யானை எறங்கும், பனி மூடுனா அது நிக்கிறதே தெரியாது. நாங்க தெமெங்கோர் ஏரிகிட்ட தங்கிட்டு காலையில பசியாறிட்டு தான் கெளம்புனோம், ஈர ரோட்டுல நேத்து ராத்திரி போட்ட யானை சாணி கெடந்துச்சி, அம்மாவுக்கு அத பாத்ததே பெரிய சந்தோசம். ஜெலி எறக்கத்துல எந்த கீர்ல ஏறுவீங்களோ அதே கீர்ல எறங்குங்க, பிரேக்க மிதிச்சிகிட்டே வராதீங்க. வண்டி கோடு போட்ட மாதிரி நேரா வந்துச்சி, ஒரு பக்க இழுப்பு இல்ல. டீசல் செலவு தான் வயித்தெரிச்சல், 2024 ஜூன்ல 2.15 வெள்ளியில இருந்து ஒரே ராத்திரில 3.35 ஆனதுக்கப்பறம் நம்ம வண்டிக்கு ஒரு கணக்கு போட்டு தான் கெளம்ப வேண்டியிருக்கு.

பெசூட்ல கடலோரம் ரெண்டு ராத்திரி. மணல்ல எறக்காதீங்க, எறக்கித் தான் ஆகணும்னா ரெண்டு பலகை கொண்டு போங்க. வீட்டுக்கு வந்த ஒடனே அடிப்பக்கம் நல்ல தண்ணியில கழுவுங்க, உப்பு சும்மா விடாது. கக்கூஸ் டாங்கிய கக்கூஸ்ல தான் ஊத்தணும், ஆர் அண்ட் ஆர்ல ஒரு வண்டிக்காரரு கால்வாயில ஊத்துனத கண்ணால பாத்தேன், இந்த மாதிரி ஆளுங்களால தான் நல்ல எடமெல்லாம் சங்கிலி போட்டு பூட்டிடுறாங்க. ஆறாவது நாள் சோறாக்குறப்ப டக்கு டக்குன்னு சத்தம். திரும்பிப் பாத்தா அம்மா இடிகல்லுல மொளகு இடிக்கிறாங்க. எப்ப ஏத்துனாங்க எங்க ஒளிச்சி வெச்சாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் சொல்லல.

கொறைய சொல்லாம விட்டா நியாயம் இல்ல. நாலு நாள்ல முடிச்சிடுறேன்னாரு, பதினோரு நாள் ஆச்சி. போன எடுக்க மாட்டாரு. காலையில பத்து மணிக்கு முன்னாடி போனா நாய் தான் இருக்கும். உக்கார எடம் டயரு மேல தான், கொசு புடுங்கும். கேபினெட்டு, மெத்தை வேலைக்கு அவருகிட்ட போவாதீங்க, என் பிரிட்ஜ எடம் மாத்துனப்ப பலகைய ஆக்ஸா பிளேடுல அறுத்தாரு, அந்த ஓரத்த நான் தான் பட்டி பாத்து சாயம் அடிச்சேன். தெரியாத ஆளுன்னா பில்லு எழுதி கேட்டு வாங்கிக்கோங்க, தானா குடுக்க மாட்டாரு. திட்டுவாரு, ஆம்பள பொம்பள பாக்க மாட்டாரு.

காசு: நாலு டயரு 1,280, பிரேக் 290, சார்ஜரு நானே ஆன்லைன்ல வாங்குனது 480, ஒயரிங் கூலி 250, கூரை 350, மொத்தம் 2,650 வெள்ளி. தராசுக்கு காசு வாங்கல, பாட்ரி, டாங்கி எடம் மாத்துனதுக்கும் தனியா கேக்கல. அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், அந்த ஒண்ணு பதினோரு நாளுக்கு கொறைச்சது.

சனிக்கெழமை போவாதீங்க, குலை லோரிங்க வரிசையா நிக்கும். செவ்வா, பொதன் மத்தியானமா போங்க, போறதுக்கு முன்னாடி தண்ணி டாங்கிய காலி பண்ணிட்டு போங்க, நெறைச்சிட்டுப் போனா வண்டில கை வெக்கிறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு தடவ வாங்கிக் கட்டிக்குவீங்க.