68,000 ரிங்கிட் போச்சு: பினாங்குல ஃப்ரீசர் ரூம் கட்டப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

கை இன்னும் நடுங்குது, ஆனா இன்னைக்கே எழுதிடணும்.

பட்டர்வொர்த்துல உறைஞ்ச மீனும் ஆட்டிறைச்சியும் மொத்தமா விக்கிறோம். போன வருஷம் ஆரம்பத்துல, குளிர் அறை கட்டித் தர்ற ஒரு காண்ட்ராக்டர்கிட்ட 68,000 ரிங்கிட் கொடுத்து மைனஸ் 20 டிகிரியில ஓடுற பெரிய ரூம் போட்டோம்.

நான் கேட்டேன். "தம்பி, தரைக்கு அடியில ஹீட்டர் வயர் போடணும்னு சொல்றாங்களே?" எங்க கடையில உட்கார்ந்து தே தாரிக் குடிச்சுக்கிட்டே சொன்னார்: "அக்கா, பினாங்கு வெயில்ல மண்ணு எப்படி உறையும்? அதெல்லாம் கனடா, ரஷ்யாவுல. நம்ம ஆளுங்ககிட்ட சும்மா காசு புடுங்குவேனா?" தமிழ்ல, அக்கான்னு கூப்பிட்டுச் சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் கேக்காம முன்பணத்தை எண்ணி வச்சேன்.

இப்ப நடுத்தரை மூணு அங்குலம் தூக்கி நிக்குது. ராக் சாயுது, கதவு மூடல.

போன் பண்ணா முதல்ல "கீல் பிரச்சினைக்கா"ன்னு ஒரு பையனை அனுப்பிக் கதவோட அடியைச் சீவிட்டுப் போனார். அப்புறம் "பாரம் அதிகமா வச்சிட்டீங்க". பாரம் வச்சா தரை இறங்கும், ஏறுமா? கடைசியா "வாரண்டி 12 மாசம், முடிஞ்சிருச்சு". இப்ப போனே எடுக்கறதில்ல.

வேற இன்ஜினியர் வந்து தரையைத் துளை போட்டுக் காட்டினார். மண்ணுக்குள்ள ஐஸ், குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்கா! தண்ணி உறைஞ்சா 9 சதவீதம்தான் பெருக்குமாம். ஆனா உறையுற மண்ணு கீழே இருக்கிற ஈரத்தையும் மேல இழுத்துக்கிட்டே இருக்கும், அடுக்கு தடிச்சுத் தடிச்சுத் தரையைத் தூக்கிடும். குளிர் நாட்டுல இதுக்குத்தான் உறையுற ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் தோண்டுறாங்க. ரஷ்யாவோட யாகுட்ஸ்க்ல வீட்டுச் சூடு இறங்கி உறைஞ்ச மண்ணை இளக்கிடக் கூடாதுன்னு, அடியில காத்துப் போக இடம் விட்டுத் தூண் மேல கட்டுறாங்க. எங்களுக்கு நேர் எதிர்: ரூமோட குளிர் இறங்கி நல்லா இருந்த மண்ணை உறைய வச்சிருச்சு. வெளிய வெயில் கொளுத்தி என்ன பிரயோஜனம்?

நிறைய சொல்லணும்னு நினைச்சேன், முடியல. இது மட்டும்: தரைக்கடியில ஹீட்டர் வயரோ காத்துக் குழாயோ இல்லாம கட்ட விடாதீங்க. இன்சுலேஷன் பலகை குளிரைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கொட்டேஷன்ல எழுதி வாங்குங்க. கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க.

ரூமை சட்டுனு நிறுத்தவும் முடியாது, ஐஸ் ஒரு பக்கமா உருகினா தரை கோணலா இறங்கிடுமாம். மெதுவாத்தான் சூடேத்தணும். அதுவரைக்கும் மீனை வாடகை ஃப்ரீசருக்கு ஏத்திக்கிட்டு இருக்கோம். 68,000 ரிங்கிட்டுக்கு மேல இந்த வாடகை வேற.