ஸ்டூடியோ அட்டையா, களத்து அட்டையா?

முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் காலாட்படை வீரர்களின் புகைப்பட அஞ்சலட்டைகளைச் சேர்க்க இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது ஸ்டூடியோ படம்தான். பின்னால் ஓவியத் திரை, நல்ல வெளிச்சம், தோள்பட்டையில் தெளிவான எண். சீருடை ஆராய இதை அடித்துக்கொள்ள வேறில்லை. 1907/10 மாதிரிக் கோட்டில் முன்பக்கம் எட்டுப் பித்தான்கள் வெளியே தெரியும். 1915 மாதிரியில் துணிக்குள் மறைந்திருக்கும். பித்தான் தெரியவில்லையா, படம் 1915க்கு முந்தையதல்ல. தெரிகிறது என்பதால் முந்தையது என்று சொல்லிவிட முடியாது, பழைய கோட்டு கடைசிவரை புழங்கியது.

நிறத்தில்தான் ஏமாறுவார்கள். அக்காலப் புகைப்படக் கண்ணாடிப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பை உணராது. தலைக்கவச உறையின் சிவப்பு எண் கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும்.

இன்னொரு சிக்கல்: தோளில் 169 என்று இருந்து, ஸ்டூடியோ முத்திரை தென்மேற்கு ஜெர்மனியின் பாடனில் உள்ள லார் ஊர் என்றால், அங்கே முகாம் கொண்ட 169ஆம் படைப்பிரிவு என்று தைரியமாகச் சொல்லலாம். வேறு பல எண்களில், ஊர்ப் பெயர் இல்லாவிட்டால், அதே எண் கொண்ட ரிசர்வ் படைப்பிரிவாகவும் இருக்கலாம். ரிசர்வைக் குறிக்கும் ‘ஆர்’ எழுத்து தலைக்கவச உறையில்தான் வரும், தோளில் வராது.

போர்க்களத்தில் எடுத்த களத்து அட்டை பார்க்கச் சுமார்தான்: கும்பல், மங்கல், மறைத்த தோள் எண். ஆனால் திருப்பிப் பாருங்கள். படைப்பிரிவும் கம்பெனியும் தாங்கிய முத்திரை இருந்தால் ரிசர்வா இல்லையா என்ற குழப்பமே இல்லை. வீரர்களின் அட்டைக்கு அன்று தபால் கட்டணம் கிடையாது. தபால்தலை இல்லையே என்று விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். எழுதாத ஸ்டூடியோ அட்டை இரண்டைவிட, முத்திரை விழுந்த மங்கல் அட்டை ஒன்றே மேல். அதிலும் வீரரின் பெயரோடு, ஜெர்மனியின் பவேரிய மாநிலத்துப் படை என்றால் விடவே கூடாது: பிரஷ்ய மாநிலத்துப் படைப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1945இல் போட்ஸ்டாமில் எரிந்துபோயிற்று, பவேரியப் பதிவேடுகள் மியூனிக்கில் இருக்கின்றன, பெயரை வைத்து ஆளைத் தேடலாம்.

போலிக்கு இரண்டுக்கும் ஒரே சோதனை. 10 மடங்கு லென்ஸில் புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் பிரதி. புற ஊதா டார்ச்சில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாள் 1950களுக்குப் பிந்தையது. இருண்ட ஓரங்களில் வெள்ளிப் பளபளப்பு இருந்தால் நல்ல அறிகுறி.

பிவிசி உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை போதும். பின்புறம் ஆல்பத்தின் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் நனைத்து எடுக்க நினைக்காதீர்கள். பலர் எழுதியது அழியாப் பென்சிலில். ஈரம் பட்டதும் சாம்பல் எழுத்து ஊதாவாகப் பரவி, முத்திரையையும் விழுங்கிவிடும்.