கார் கண்ணாடிக் கீறல்: பற்பசையா, சீரியமா, புதுக் கண்ணாடியா?

முட்டம், குளச்சல் பக்கம் கடலோரமாக ஓடும் கார்களின் கதவுக் கண்ணாடியில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகளைக் காணலாம். பழி உப்புக் காற்றின் மேல் விழுகிறது. உப்பு படியும், மங்கலாக்கும். ஆனால் கண்ணாடியைக் கீறும் அளவுக்கு அது கடினமானதல்ல. கீறுவது மணல். அந்தப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட், சிர்கான் என்ற கனிமங்கள் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவில் இவை 7-ஐ ஒட்டி நிற்பவை. கண்ணாடியோ சுமார் 5.5. கதவு பீடிங்கில், அதாவது கண்ணாடியை ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டையில், சிக்கிய மணல், கண்ணாடி ஏறி இறங்கும்போதெல்லாம் கோடு போடுகிறது. பீடிங்கைச் சுத்தம் செய்யாமல் கண்ணாடியை மட்டும் மெருகேற்றுவது வீண் வேலை.

முதலில் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் மெருகேற்றலாம். தடுத்தால் கதை வேறு.

பற்பசையால் தேய்த்தால் போய்விடும் என்று சொல்லாதவர் குறைவு. பல்லின் எனாமலுக்குச் சேதம் வராதபடி தயாரிக்கப்படும் பசை, எனாமலைவிடக் கடினமான கண்ணாடியை எப்படிச் சமன்படுத்தும்? கீறலுக்குள் இருக்கும் அழுக்கு போகும், பசை கொஞ்சம் உள்ளே தங்கும். அடுத்த மழை வரை பளபளப்பு. நிறமற்ற நகப்பூச்சும் இதே ரகம்தான்.

உண்மையில் வேலை செய்வது சீரியம் ஆக்சைடு தூள். இது கண்ணாடியை வெறுமனே உராய்வதில்லை. தண்ணீரோடு சேர்ந்து மேற்பரப்பில் வேதிவினையும் நிகழ்த்தி, மிக மெல்லிய படலத்தை எடுக்கிறது. லென்ஸ் மெருகேற்றுபவர்களின் பழைய கருவி. இதில் நமக்கு ஒரு சொந்தமும் உண்டு: 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் அடையாளம் கண்ட மோனசைட் என்ற கனிமத்தில், அரிய மண் தனிமங்களிலேயே அதிகம் இருப்பது சீரியம். கீறுகிற மணலிலேயே மருந்தும் இருக்கிறது!

தூளைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்தில் குழைத்து, டிரில்லில் ஃபெல்ட் பஃப் (கம்பளித் துணி மெத்தை) மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். கீறலின் மேல் மட்டும் அழுத்தாமல் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். கலவை காயவே கூடாது. காய்ந்தால் சூடு ஏறும்; சூடு ஏறிய கண்ணாடி விரிசல் விடலாம். தொட்டுப் பார்த்துக் கை சுட்டால் நிறுத்துங்கள். வெயிலில் செய்யாதீர்கள், பெயிண்டையும் ரப்பரையும் டேப் ஒட்டி மூடுங்கள், தெறித்துக் காய்ந்த தூளை எடுப்பது தனி வேலை. பொறுமை வேண்டும்: உள்ளங்கை அளவு இடத்துக்கே அரை மணி நேரம் போய்விடும். கையால் துணி வைத்துத் தேய்ப்பதும் முடியும். ஆனால் மங்கலும் நீர்க்கறையும் போகும், கீறல் அசையாது.

ஆழமான கீறலுக்குச் சிலர் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான வட்டுகளால் முதலில் அரைத்து, பிறகு சீரியத்தால் மெருகேற்றுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அரைத்த இடம் லேசாகக் குழிந்துவிடும். அதன் வழியே பார்த்தால் சாலை நெளியும். பின்கதவுக் கண்ணாடியில் சகித்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியில், அதுவும் ஓட்டுநரின் பார்வை விழும் இடத்தில், எதிரே வரும் லாரியின் விளக்கு சிதறும் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நகம் தடுக்கும் கீறல் என்றால் புதுக் கண்ணாடிதான்.

கல் தெறித்த சிறு பொட்டுக்கு ரெசின் நிரப்பலாம். அது முன்கண்ணாடிக்கு மட்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்துச் செய்தது அது. கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) வகை, உடைந்தால் மொத்தமாகப் பொடியாகும்.

புதுக் கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? வழக்கமான முழுக் காப்பீட்டில் கண்ணாடிப் பாகங்களுக்கு, பழசாகிவிட்டது என்று சொல்லித் தொகையைக் குறைப்பது கிடையாது. ஆனால் வைப்பரும் மணலும் நாளடைவில் போட்ட கோடுகள் தேய்மானக் கணக்கில் போகும், விபத்து அல்ல. கல்லடிபட்டு உடைந்ததற்குக் கோரினாலும் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, போகலாம். போனஸ் பெரிது, கண்ணாடி விலை சிறிது என்றால் கைக்காசே லாபம். கடைக்குப் போகுமுன் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள், வைப்பர் பிளேடையும் அன்றே மாற்றிவிடுங்கள்.