கேமராவா, கயிறா, வாட்சா? அப்பாவிடம் கேட்டுப் பார்த்த கணக்கு

அப்பாவுக்கு முதியோர் இல்லம் தேடி பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை என்று மூன்று வாரம் அலைந்தேன். போன இடத்திலெல்லாம் அறையைக் காட்டுவதற்கு முன்பே ரிசப்ஷன் டிவியைத்தான் காட்டினார்கள். கட்டம் கட்டமாகப் பிரிந்த திரை, கட்டத்துக்கு ஒரு கட்டில். "ஆபீஸ்ல இருந்தே போன்ல பாத்துக்கலாம் சார்." எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கூட வந்த அப்பா வாயே திறக்கவில்லை.

அவர் மிஷினைக் கண்டு மிரளுகிற ஆள் கிடையாது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பால்காரருக்கு ஜிபே பண்ணுகிறார். 'வயசானவங்களுக்கு டெக்னாலஜி ஆகாது' என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் பார்க்கிற கணக்கே வேறு.

முதலில் கேமரா. வேலைக்கு இருப்பவர்கள் அதட்டினால், கை ஓங்கினால், நகை காணாமல் போனால் கேமராவுக்கு ஈடு எதுவும் இல்லை. அந்த மாதிரி சந்தேகம் வந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. கையில் பதிவு இருந்தால் பேச்சுக்கு வலு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் வழுக்கி விழுந்தால்? திரைக்கு முன்னால் இருக்கும் பையன் தூங்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எப்படி விழுந்தார் என்பதைக் காலையில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். அப்பாவின் கேள்வி அதையும் தாண்டியது. "நான் வேட்டி மாத்தறப்ப எவன் பாக்குறான்னு எனக்குத் தெரியணுமா இல்லியா?" அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியாது. தீர்ப்பு அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஓர் இல்லத்தில் ஒரு பாட்டி தினமும் கேமரா மேல் துண்டைப் போட்டுவிடுகிறாராம். 'சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க சார்' என்று மேனேஜர் குறைப்பட்டுக்கொண்டார். பாட்டியிடம் யாராவது முதலில் கேட்டார்களா என்பதை நானும் அங்கே கேட்கவில்லை.

அடுத்தது பழைய சரக்கு: கட்டிலோரம் அழைப்பு மணி, பாத்ரூமில் இழுத்தால் மணி அடிக்கிற கயிறு. இதில் ஸ்மார்ட் என்று ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. பெரியவர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது இதுதான். அழுத்துவதும் விடுவதும் அவர்கள் கையில். தண்டையார்பேட்டையில் பார்த்த இல்லத்தில் கயிறு இருந்தது, ஆனால் கூட்டும்போது சிக்குகிறது என்று சுருட்டி முடிச்சுப் போட்டு இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். "ரயில்ல அபாயச் சங்கிலிய ஏன் மேல வெச்சோம்? நிக்கறவன் இழுக்க. இங்க கீழ கெடக்கறவன்டா இழுக்கணும்." கூட வந்த வார்டனுக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மணிக்கும் ஒரு குறை உண்டு. நம்மாட்கள் அழுத்த மாட்டார்கள். 'பாவம் அந்தப் பொண்ணு, இப்பத்தான் படுத்துச்சு' என்று சுவரைப் பிடித்துக்கொண்டு தாங்களாகவே எழுந்து போவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் வருடத்துக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் எத்தனை பேர் இப்படி இரக்கப்பட்டு விழுந்தவர்களோ.

விழுந்தால் தானே தகவல் அனுப்பும் வாட்சைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ராத்திரி சார்ஜில் கிடக்கும். பாத்ரூமுக்கு எழுந்து போவதும் ராத்திரிதான். கட்டிலிலிருந்து மெல்லச் சரிந்தால் பல சமயம் அதற்குத் தெரியவும் தெரியாது.

மெத்தைக்கு அடியில் போடும் சென்சார் பாய் கொஞ்சம் தேவலை. எழுந்தால் ஆயாவுக்கு மணி அடிக்கும். புரண்டு படுத்தாலும் அடிக்கும் என்பதுதான் தொல்லை. நாலு ராத்திரி ஓடி வந்த ஆயா ஐந்தாம் ராத்திரி அதை அணைத்து வைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சுவரில் ஒட்டுகிற ரேடார் பெட்டி இதைவிடப் பரவாயில்லை. ரேடியோ அலை பட்டுத் திரும்புவதை வைத்து ஆள் நிற்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்று கண்டுபிடிக்கும். படம் எடுக்காது என்பதால் பாத்ரூமிலும் வைக்கலாம். அப்பா இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டார்: "போட்டோ கெடையாதுல்ல?" பிறகு தலையாட்டினார்.

பேசுகிற ஸ்பீக்கரை ஓர் இல்லத்தின் கூடத்தில் வைத்திருந்தார்கள். தமிழில் கேட்டால் அதற்குப் புரியவில்லை. ஆனாலும் பழைய பாட்டுப் போடச் சொல்லி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நாலு தாத்தாக்கள் ஒரு மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எதை வாங்கினாலும் வட சென்னைக்காரர்கள் இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வைஃபை போனால் அதை நம்பி ஓடும் கேமராவும் சென்சாரும் வெறும் டப்பா. பேட்டரியில் ஓடும் மணி அடிக்கும்.

என் ஓட்டு: அறையில் மணி, பாத்ரூமில் கயிறோடு ரேடார் பெட்டி, கேமரா வராந்தாவோடு சரி. ஞாபக மறதி முற்றியவர்களுக்கு இது போதாது. அவர்களுக்குச் சென்சார் பாயும் பக்கத்தில் ஓர் ஆளும் கட்டாயம்.

அப்பா கடைசியில் தண்டையார்பேட்டையிலேயே சேர்ந்தார். போன ஞாயிறு போனபோது பாத்ரூம் கயிறு மறுபடி முடிச்சாகிக் கிடந்தது. அவர் யாரோடும் சண்டை போடவில்லை. கயிற்றைச் சுவரோடு ஒட்டிக் கீழே இறக்க, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கொக்கி அடிக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உயரம் சரியா என்று பார்க்க என்னைத் தரையில் படுக்கச் சொன்னார்.