டார்ச்சில் ஒட்டிய டிரிட்டியம் குழாய்: ஏழு குளிர்காலம் கழித்து

2018 அக்டோபரில் என் டார்ச்சின் அடிமூடியில் டிரிட்டியம் என்கிற கதிரியக்க ஹைட்ரஜன் வாயு அடைத்த, அரிசி மணி அளவில் ஒரு பச்சைக் குழாயை ஒட்டினேன். அன்றிலிருந்து எரிகிறது, இன்னும் அணையவில்லை. அணைக்க அதில் சுவிட்சும் கிடையாது.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்தீன் பக்கத்தில் ஒரு கிராமம். டிசம்பரில் மத்தியானம் மூன்றரைக்கே பொழுது சாய்ந்துவிடும். மறுபடி சூரியனைப் பார்க்கக் காலை எட்டே முக்கால் ஆகும். இங்கே டார்ச் பைத்தியம் பிடிப்பது பெரிய ஆச்சரியமில்லை. பிடித்தபின் சும்மா இருக்க முடியாமல் இப்படி எதையாவது ஒட்டத் தோன்றும்.

குழாயின் சங்கதி எளிமையானது. போரோசிலிகேட் கண்ணாடி, குழாயின் குறுக்களவு 1.5 மி.மீ., நீளம் 6 மி.மீ. உள்சுவரில் பாஸ்பர் என்கிற ஒளிரும் பொருளின் பூச்சு, நடுவில் டிரிட்டியம் வாயு. வாயுவிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பூச்சில் மோதி அதை ஒளிர வைக்கின்றன. காற்றிலேயே ஆறு மில்லிமீட்டர் தாண்டாத நோஞ்சான் எலக்ட்ரான்கள் அவை. கண்ணாடியைத் துளைத்து வெளியே வராது. ஸ்விஸ் கைக்கடிகாரங்கள் சிலவற்றின் முள்ளில் இருப்பதும் இதே சரக்குதான்.

இது வெளிச்சம் தருமா என்று கேட்டால், தராது. பக்கத்தில் வைத்தால் வாட்ச் முள்ளைப் பார்க்கலாம், அவ்வளவுதான். டார்ச் எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் வேலை. 2021 நவம்பர் 26 ராத்திரி ஆர்வென் புயல் அடித்து எங்கள் பக்கம் கரண்ட் போனபோது அது புரிந்தது. திரும்பி வரப் பல நாள் ஆனது. வீடு முழுக்க மைக்கூடு மாதிரி இருட்டு. போனைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தபோது அலமாரி ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. நேராகப் போய்க் கையை வைத்தேன், டார்ச் கிடைத்தது.

ஒட்டிய கதை மட்டும் அவ்வளவு அழகில்லை. முதல் முயற்சியில் அவசரப்பட்டு சூப்பர் க்ளூவை ஊற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. அதோடு, அந்தப் பசை இறுகினால் கல். டார்ச்சின் அலுமினியம் சூட்டில் விரிவது ஒரு கணக்கு, கண்ணாடி விரிவது வேறு கணக்கு. டார்ச்சை அதிக வெளிச்சத்தில் எரியவிட்டுச் சூடேறிச் சூடேறி, இரண்டாவது வருடம் ஒட்டு விட்டுப்போய்க் குழாய் எங்கோ விழுந்துவிட்டது. மூன்று நாள் தேடினேன். அப்புறம் ஒரு ராத்திரி காரை நிறுத்தி விளக்கை அணைத்தபோது, சீட்டுக்கு அடியில் மின்மினி மாதிரி கிடந்தது. பகலில் தேடியதுதான் என் முட்டாள்தனம்.

இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தேன். அசிட்டோனில் பஞ்சை நனைத்துப் பழைய பசையைத் துடைத்தெடுத்தேன். நார்லேண்ட் 61 என்கிற ஒளியில் இறுகும் பசையைப் பல்குச்சி முனையில் தொட்டு, அடிமூடியில் இருக்கும் குழியில் ஒரே ஒரு சொட்டு. சாமணத்தால் குழாயைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்க வேண்டும். நேராக அமுக்கினால் அடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். குமிழி வந்தாலும் பதற வேண்டியதில்லை, யூவி (புற ஊதா) டார்ச் அடிக்கும்வரை பசை இறுகாது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. அது இதுவரை அசையவில்லை.

நிறத்தில் என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பச்சை. நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிகம் எடுபடும். ஆசைப்பட்டு ஒரு சிவப்பும் வாங்கினேன். கண் இருட்டுக்குப் பழகிய பிறகும் ‘அங்கே ஏதோ இருக்கிற மாதிரி’ என்ற அளவில்தான் தெரியும். தண்டச் செலவு.

ஏழு வருடத்தில் எவ்வளவு மங்கியிருக்கிறது? டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருடம். கணக்குப்படி 67 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும். தினமும் பார்ப்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. போன மாதம் புதுக் குழாய் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்தபோதுதான் பழையது சோர்ந்திருப்பது தெரிந்தது, கணக்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. வாயு குறைவதோடு பாஸ்பர் பூச்சும் தேய்கிறது. இன்னொன்று, ஆயுள் எண்ணப்படுவது நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, குழாயை நிரப்பிய நாளிலிருந்து. கடை அலமாரியில் மூன்று வருடம் தூங்கிய சரக்கும் ‘புதுசு’ என்றுதான் வரும்.

உடைந்தால்? ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். அதனால்தான் குழி இல்லாத டார்ச்சில் வெளிப்பக்கமாக ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு தடவை கீழே விழுந்தால் கண்ணாடிதான் முதலில் அடி வாங்கும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் சாவிக்கொத்து வடிவிலேயே விற்கிறார்கள். அமெரிக்காவில் பொம்மை, அலங்காரம் போன்றவற்றில் டிரிட்டியத்தை அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அனுமதிப்பதில்லை.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு வெளிச்சத்தை வாங்கி வைத்து இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் டேப் இருக்கிறது. விலை மலிவு. லென்ஸைச் சுற்றி உள்ளே ஒட்டினால் டார்ச்சைப் போடும்போதெல்லாம் தானே சார்ஜ் ஆகிவிடும். முதல் அரை மணி நேரம் டிரிட்டியத்தைத் தூக்கிச் சாப்பிடும். ஆனால் வாரக்கணக்கில் டிராயரில் கிடந்த டார்ச்சில் அது வெறும் ஸ்டிக்கர்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டார். “என்னடா இது, பூனை ஒத்தக் கண்ணை மட்டும் முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு?” என்றார். மறுநாள் ராத்திரியிலிருந்து அந்த டார்ச் அவர் கட்டிலோரம்தான் இருந்தது. ஊருக்குக் கிளம்பும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்.